யானைக்கவுனி முதல் சஹானா வரை: ஒரு வாசலின் கதை

இந்த முறை கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் கம்ப்யூட்டர். பயப்பட வேண்டாம், தேர்வுக்கு வராது :-)

எங்கள் வீடு இருப்பது யானைக்கவுனி. வால்டாக்ஸ் ரோட்டை ஒட்டிய பகுதி. 18ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்திய கம்பெனிக்காரர்கள் அன்றைய கறுப்பர் பட்டணத்தைச் (பின்னாளில் ஜார்ஜ் டவுன்) சுற்றி ஒரு பெரிய மதில் எழுப்பினார்கள். ஒரு பக்கம் பிரெஞ்சுக்காரர் பயம், இன்னொரு பக்கம் ஹைதர் அலி பயம். அந்த மதிலின் பெயரால்தான் 'வால் டாக்ஸ்', அதாவது மதில் வரி. மதிலில் மிஞ்சிய ஒரு துண்டு இன்றும் பழைய ஜெயில் ரோட்டில் மாடிப்பூங்காவாக நிற்கிறது. மதில் இருந்தால் வாசல் வேண்டுமே? அப்படி இருந்த வாசல்களில் ஒன்றுதான் யானைக்கவுனி. கவுனி என்றால் கோட்டை வாசல். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இது தெரியாது. எனக்கே போன மாதம் லேபில் 'காமன் கேட்வே இண்டர்ஃபேஸ்' என்று ஒரு பயிற்சி வந்தபோதுதான் உறைத்தது. கேட்வே! அட, நம்ம கவுனி!

பயிற்சி இதுதான்: ஒரு லினக்ஸ் கணினியில் அப்பாச்சி வெப் சர்வரை நிறுவி, சர்வர் பக்கம் ஓடும் ஒரு சின்ன நிரலை வேலை செய்ய வைக்க வேண்டும். நிறுவுவதற்கு இரண்டு நிமிடம். பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்தால் அப்பாச்சியின் வரவேற்புப் பக்கம் வந்துவிட்டது. அப்புறம் நான் எழுதிய நான்கு வரி நிரலைப் போட்டேன். வந்தது 'இண்டர்னல் சர்வர் எரர் 500'. பக்கத்து மேஜை நண்பன் "பர்மிஷன் குடுத்தியா மச்சி?" என்றான். கொடுத்தேன். மறுபடியும் 500. அன்று மதியம் முழுக்க 500தான். அந்தக் கடுப்பில், இந்தச் சனியனை யார் எதற்காக இப்படிச் செய்தார்கள் என்று தேட ஆரம்பித்ததன் விளைவே இந்தக் கட்டுரை.

முதலில் வெப் சர்வர் என்பது வெறும் எடுபிடி. டிம் பெர்னர்ஸ்-லீ 1990ல் செர்ன் ஆய்வகத்தில் எழுதியது அடிப்படையில் கேட்ட கோப்பை எடுத்துக் கொடுக்கும் வேலையைத்தான் செய்தது. நூலகத்தில் அலமாரியிலிருந்து புத்தகம் எடுத்துத் தருபவர் மாதிரி. "இந்தப் புத்தகத்தில் என் பெயர் இருக்கிறதா பார்த்துச் சொல்லுங்கள்" என்றால் அவரால் முடியாது. 1993ல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் உள்ள என்சிஎஸ்ஏ மையத்திலிருந்து மொசைக் பிரவுசர் வந்தது. விரைவிலேயே பக்கங்களில் படிவங்களும் வந்தன. வாசகர் பெட்டியில் ஏதோ எழுதி ஒரு பொத்தானை அழுத்துகிறார். சரி, எழுதியதை வாங்கிக்கொண்டு யோசித்துப் பதில் சொல்ல யாராவது அந்தப் பக்கம் வேண்டுமே?

அதே மையத்தில் வெப் சர்வர் எழுதிக்கொண்டிருந்த ராப் மெக்கூல் என்ற மாணவரும், வேறு சில சர்வர்களை எழுதியவர்களும் மின்னஞ்சலில் பேசிப் பேசி 1993ல் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். அதுதான் சிஜிஐ. ஏற்பாடு ரொம்ப எளிது. வெளியாள் உள்ளே வர வேண்டியதில்லை. கவுனியில் நிற்கும் காவலாளியிடம் சீட்டு கொடுக்கிறார். காவலாளி (வெப் சர்வர்) உள்ளே ஒரு ஆளை எழுப்பி (நிரல்) சீட்டைக் கையில் கொடுக்கிறார். அந்த ஆள் வேலையை முடித்துப் பதிலை எழுதித் தந்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிடுகிறார். காவலாளி பதிலை வெளியே நீட்டுகிறார். சீட்டில் என்னென்ன இருக்கும் என்பதற்கும் பெயர் வைத்தார்கள். கேள்வி 'க்வெரி ஸ்ட்ரிங்', எந்த முறையில் வந்தது என்பது 'ரிக்வெஸ்ட் மெத்தட்', இப்படி. யுனிக்ஸில் ஏற்கெனவே இருந்த சூழல் மாறிகளையே இதற்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். எந்த மொழியில் வேண்டுமானாலும் நிரல் எழுதலாம்: சி, பெர்ல், ஷெல். எழுத்து வெளியிடத் தெரிந்தால் போதும்.

பதிலுக்கும் ஒரு மரியாதை உண்டு. முதலில் 'இது என்ன வகைப் பொருள்' என்று சொல்லும் கண்டெண்ட்-டைப் வரி. அப்புறம் ஒரு காலி வரி. அதற்குப் பிறகுதான் சரக்கு. நான் அந்தக் காலி வரியை விட்டிருந்தேன்! எரர் லாகைத் திறந்து பார்த்திருந்தால் முதல் நிமிடமே தெரிந்திருக்கும், தலைப்பு வரி சரியில்லை என்று அப்பாச்சி தெளிவாக எழுதி வைத்திருந்தது. நாம்தான் லாகைப் பார்க்க மாட்டோமே. நீங்களும் செய்து பார்ப்பதாக இருந்தால் நாலு விஷயம் பாருங்கள்: சிஜிஐ மாட்யூல் இயக்கப்பட்டிருக்கிறதா, நிரலின் முதல் வரியில் எந்த மொழி என்ற பாதை சரியா, ஓட்டுவதற்கான அனுமதி இருக்கிறதா, அப்புறம் அந்தக் காலி வரி.

கவுனி என்றால் திருடனும் வருவான். 2014 செப்டம்பர் 24 அன்று 'ஷெல்ஷாக்' என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. லினக்ஸில் எல்லோரும் பயன்படுத்தும் பேஷ் ஷெல்லில் 1989 முதலே இருந்த பிழை. சூழல் மாறிக்குள் ஒரு குறிப்பிட்ட வடிவில் கட்டளை எழுதி அனுப்பினால் பேஷ் அதைப் படிக்கும்போதே ஓட்டிவிடும். சிஜிஐ என்ன செய்கிறது? வெளியாள் கொடுத்த சீட்டை அப்படியே சூழல் மாறியில் போட்டு உள்ளே அனுப்புகிறது. ஆக, பேஷைத் தொடும் எந்த சிஜிஐ நிரல் இருந்தாலும் உலகத்தில் யார் வேண்டுமானாலும் உங்கள் கணினியில் கட்டளை போடலாம். இருபது வருடத்துக்கு மேல் காவலாளியே சாவியைக் கொடுத்துக்கொண்டு நின்றிருக்கிறார், யாருக்கும் தெரியாமல்.

சரி, கதைக்கு வருவோம். ராப் மெக்கூல் 1994ல் என்சிஎஸ்ஏவை விட்டுப் போய்விட்டார். அவர் எழுதிய சர்வர் உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் பிழை திருத்த ஆளில்லை. மூல நிரல் கையில் இருந்ததால் அதைப் பயன்படுத்தியவர்கள் தாங்களே ஒட்டுப் போட்டுக்கொண்டார்கள். 1995 பிப்ரவரியில் அப்படி எட்டுப் பேர் சேர்ந்து ஒட்டுகளை ஒன்றாக்கினார்கள். அதுதான் அப்பாச்சி. ஏப்ரலில் முதல் வெளியீடு, டிசம்பர் 1ல் 1.0. அடுத்த ஏப்ரலுக்குள் உலகத்தில் அதிகம் ஓடும் வெப் சர்வர் அதுதான். அந்த இடத்தைப் பல வருடங்கள் விடவில்லை.

அதே 1995 ஜூனில் ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் தன் பயோடேட்டா பக்கத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எண்ண எழுதி வைத்திருந்த சில சிஜிஐ நிரல்களைப் பொதுவில் போட்டார். பெயர் 'பர்சனல் ஹோம் பேஜ் டூல்ஸ்'. அதாவது பிஎச்பி! பயோடேட்டாவை யார் பார்த்தார்கள் என்ற ஆர்வம் இல்லாத மனிதன் உண்டா? அதிலிருந்து ஒரு மொழியே பிறந்துவிட்டது. சிஜிஐயில் ஒரு தொல்லை உண்டு: ஒவ்வொரு சீட்டுக்கும் உள்ளே ஒரு புது ஆளை எழுப்ப வேண்டும். கூட்டம் வந்தால் கணினி திணறும். பிஎச்பியை அப்பாச்சிக்குள்ளேயே மாட்யூலாகக் குடி வைத்தபோது அந்தத் தொல்லை போனது. 1998ல் வந்த பிஎச்பி 3ஐ ஜீவ் சுராஸ்கி, ஆண்டி குட்மன்ஸ் என்ற இரண்டு இஸ்ரேல் மாணவர்கள் திரும்ப எழுதினார்கள். (மாணவர்கள், மாணவர்கள் என்றே வருகிறது, கவனித்தீர்களா? எங்கள் வகுப்பில் நாங்கள் செய்வது காப்பி பேஸ்ட் மட்டும்.)

பிஎச்பி மாட்யூலை நிறுவ மறந்துவிட்டால் இன்னொரு கூத்து நடக்கும். நிரல் ஓடாது, நிரலே பிரவுசரில் வந்து நிற்கும், தரவுத்தளக் கடவுச்சொல் உள்பட. ஒரு முறை செய்து பார்த்தால் ஜென்மத்துக்கும் மறக்காது.

லினக்ஸ் 1991. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் 1995, அது ஜிபிஎல் உரிமத்துக்கு வந்தது 2000ல். இந்த நான்கையும் சேர்த்து 'லேம்ப்' என்று பெயர் வைத்தது மிக்கேல் குன்ட்சே என்பவர், 1998ல், ஒரு ஜெர்மன் கம்ப்யூட்டர் பத்திரிகையில். நான்கு எழுத்துக்கும் பொதுவான குணம் ஒன்று: யாரிடமும் போய் அனுமதி கேட்க வேண்டாம், பணம் கட்ட வேண்டாம். ஒரு பழைய கணினி, ஒரு சிடி, ஒரு மாலை நேரம் போதும். இதை நாங்கள் லேபில் ஒரு மார்க் கேள்வியாகப் படிக்கிறோம். 'லேம்ப்பின் நன்மைகள்: இலவசம், திறமூலம்.' அடுத்த கேள்வி. ஆனால் அனுமதி கேட்க நேரமே இல்லாத ஒரு நாள் வந்தால்?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. சுனாமி. நான் அப்போது பிறக்கவில்லை. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று எங்கள் வடசென்னைக் கரையும் அடிபட்டது. தமிழ்நாட்டில் இறந்தவர்கள் சுமார் 8,000 பேர், அதில் பெரும்பகுதி நாகப்பட்டினம் மாவட்டம். என் சித்தப்பா அன்று காசிமேட்டில் இருந்தார். அவரும் அவருடைய கூட்டாளியும் ஆளுக்கொரு பக்கம் ஓடிப் பிரிந்துவிட்டார்கள். செல்போன் இரண்டு பேரிடமும் கிடையாது. சித்தப்பா இரண்டு நாள் பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி என்று அலைந்து சுவரில் ஒட்டிய பட்டியல்களில் தேடியிருக்கிறார். கூட்டாளி உயிரோடுதான் இருந்தார், அவரும் சித்தப்பாவை வேறு பட்டியல்களில் தேடிக்கொண்டிருந்தார்! பெயர் ஞ-வில் தொடங்கும். ஒரு மண்டபத்துப் பட்டியலை யாரோ புண்ணியவான் கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்தில் அடித்து ஒட்டியிருந்தார். சித்தப்பா ஜி எழுத்தில் தேடினார். அதில் என் எழுத்தில் இருந்தது. அந்தப் பட்டியலின் முன்னால் சித்தப்பா இரண்டு முறை நின்றிருக்கிறார். இன்றும் இதைச் சொல்லும்போது சிரிப்பார், ஆனால் அந்தச் சிரிப்பு அவ்வளவு நன்றாக இருக்காது.

அதே காலை கடலுக்கு அந்தப் பக்கம் இதைவிடப் பல மடங்கு. இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அம்பாறை, மட்டக்களப்பு, முல்லைத்தீவு, தெற்கே காலி வரை கரையே இல்லாமல் போனது. லட்சக்கணக்கானவர்கள் முகாம்களில். எந்த முகாமில் யார் இருக்கிறார்கள், எந்தத் தொண்டு நிறுவனம் எங்கே என்ன கொடுக்கிறது, எங்கே பால் பவுடர் குவிகிறது, எங்கே குடிதண்ணீர் இல்லை. இது எல்லாமே தனித்தனித் தாள்களில்தான்.

கொழும்பில் லங்கா சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் என்று ஒரு அமைப்பு இருந்தது. 2003ல் சஞ்சீவ வீரவரண முன்னின்று தொடங்கியது. இலங்கையில் உட்கார்ந்தபடியே திறமூல மென்பொருளுக்கு நிரல் எழுத வேண்டும் என்பது அதன் நோக்கம், குறிப்பாக அப்பாச்சியின் வேறு சில திட்டங்களுக்கு. அதாவது 1995ல் எட்டுப் பேர் ஒட்டுப் போட்டுத் தொடங்கிய வேலையில் இவர்களுக்கும் பங்கு உண்டு. சுனாமி நடந்த சில நாட்களிலேயே இவர்களும், அங்குள்ள ஐடி கம்பெனிகளில் வேலை பார்த்த தன்னார்வலர்களும் கூடி, லினக்ஸ், அப்பாச்சி, மைஎஸ்க்யூஎல், பிஎச்பி நான்கையும் வைத்து ஒரு நிவாரண மேலாண்மை அமைப்பை எழுத உட்கார்ந்தார்கள். பெயர் சஹானா. நமக்கு அது ராகம். சிங்களத்தில் 'நிவாரணம்' என்று பொருள். கொழும்பில் அரசாங்கம் அமைத்த தேசிய செயல்பாட்டு மையம் அதைப் பயன்படுத்தியது.

உள்ளே என்ன இருந்தது? காணாமல் போனவர்கள் பதிவேடு, முகாம்கள் பதிவேடு, தொண்டு நிறுவனங்கள் பதிவேடு, தேவைகளும் உதவிகளும் பொருந்துகிறதா என்று பார்க்கும் பகுதி. கம்ப்யூட்டர் சயின்ஸாகப் பார்த்தால் இதில் எதுவும் கஷ்டமில்லை. ஒரு படிவம், ஒரு நிரல், ஒரு அட்டவணை. எங்கள் இரண்டாம் வருட மினி புராஜெக்ட் அளவுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள், உரிமம் வாங்க வேண்டிய ஒரு மென்பொருளாக இருந்தால் எத்தனை கணினிக்கு, எத்தனை பயனாளருக்கு, யார் கையெழுத்து என்று கேட்டு முடிக்கவே ஜனவரி போயிருக்கும். இங்கே நெட் இல்லாத ஊருக்கு ஒரு லேப்டாப்பில் சர்வர், தரவுத்தளம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போகலாம். இன்னொன்று, பிஎச்பி தெரிந்த ஆட்கள் எங்கும் கிடைப்பார்கள். வந்து உட்கார்ந்த தன்னார்வலருக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. பெரிய அறிஞர்கள் பிஎச்பியை ஏளனம் செய்வார்கள், எங்கள் சார் உள்பட. அன்றைக்கு அந்த ஏளனத்துக்கெல்லாம் நேரமில்லை.

எல்லாம் அழகாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். அவசரத்தில் எழுதிய முதல் நிரல் இலங்கைக்கு, அந்த நேரத்துக்கு, என்று மட்டுமே பொருந்துவதாக இருந்தது. வேறு நாட்டுக்கு எடுத்துப் போக முடியாது. 2005ல் சுவீடன் அரசின் உதவி நிறுவனமான சிடாவின் பணத்தில், சமிந்த்ர டி சில்வா தலைமையில் முழுவதையும் திரும்ப எழுதினார்கள், மீண்டும் அதே லேம்ப்பில். என்னைக் கேட்டால் இதுதான் கதையில் பெரிய விஷயம். சுனாமி ஓய்ந்ததும் வீட்டுக்குப் போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

திரும்ப எழுதியது வீண் போகவில்லை. 2005 அக்டோபர் 8ல் பாகிஸ்தான் பக்கக் காஷ்மீரில் நிலநடுக்கம், அந்நாட்டின் அடையாளப் பதிவு ஆணையமான நாத்ரா சஹானாவை எடுத்தது. 2006 பிப்ரவரியில் பிலிப்பைன்ஸின் தெற்கு லெய்ட்டே மண்சரிவு, மே மாதம் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கம். 2006ஆம் ஆண்டுக்கான ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனின் சமூகப் பயன் விருது சஹானாவுக்குக் கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு அதே விருதை வாங்கியது விக்கிபீடியா. 2009ல் தனி அறக்கட்டளை ஆனது. 2010ல் ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது ஓடியது பைத்தானில் எழுதிய பதிப்பு. பின்னர் அந்தப் பக்கம்தான் 'ஈடன்' என்ற பெயரில் வளர்ந்தது. பிஎச்பி கிளை மெல்ல ஒதுங்கியது.

எனக்குப் பிடித்தது அதில் ஒரு சின்ன பகுதி. காணாமல் போனவர்களைத் தேடும்போது எழுத்து அப்படியே பொருந்தாவிட்டாலும் உச்சரிப்பு பொருந்தினால் எடுத்துக் காட்டும் வசதி ஒன்று இருந்தது. பிஎச்பியிலேயே சவுண்டெக்ஸ், மெட்டாஃபோன் என்று இரண்டு செயல்பாடுகள் இதற்கு உண்டு. ஆசையாக என் லினக்ஸ் சர்வரில் சவுண்டெக்ஸைப் போட்டுப் பார்த்தேன். அது ஆங்கிலப் பெயர்களுக்காகச் செய்தது. எழில் என்ற பெயரை ஒருவர் ழ-வுக்கு இசட்-எச் போட்டு எழுதுவார், இன்னொருவர் எல் போட்டு எழுதுவார். சவுண்டெக்ஸ் முதலாவதற்கு 240 என்கிறது, இரண்டாவதற்கு 440 என்கிறது. அதாவது இரண்டும் வேறு வேறு ஆள்! முதல் எழுத்தை அது மாற்றவே மாற்றாது. எனவே ஜி-யில் தொடங்கும் ஞானமும் என்-னில் தொடங்கும் ஞானமும் அதன் கணக்கில் சந்திக்கவே மாட்டார்கள்.

இப்போது தமிழ்ப் பெயர்களுக்காக ஒரு சின்ன நிரல் எழுதிக்கொண்டிருக்கிறேன். சிஜிஐதான், காலி வரியெல்லாம் சரியாகப் போட்டு :-) ழ, ல, ள மூன்றையும் ஒன்றாக்கியாகிவிட்டது. லட்சுமியும் லக்ஷ்மியும் நேற்று ராத்திரி சேர்ந்துவிட்டார்கள். ஞ மட்டும் இன்னும் மசியவில்லை. முடிந்ததும் சித்தப்பாவிடம் காட்ட வேண்டும்.